ஆமோஸின் நிறத்துக்கு ஓலை வாசித்த கதை

அமெரிக்க தேசத்தின் தெற்குக் கரையில், உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே லாசரு தீவு என்று ஒன்று கிடந்தது. நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்ட கறுப்பு ஜனங்களின் பேரப்பிள்ளைகள், எஜமான்கள் ஓடிப்போன பிறகு தங்களுக்கென்று வைத்துக்கொண்ட தீவு அது. அந்தத் தீவில் ஜெருஷா என்ற பெண்பிள்ளை தன் பத்தாவது வயதில் அடுத்த வீட்டு வராந்தாவின் உட்கூரையை ஒரு பலகையில் வரைந்தாள். வரைந்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் கூரையில் நீலம் இல்லை.

நீலம் என்றால் சும்மா நீலம் இல்லை. அவுரியைக் காய்ச்சி எடுத்துப் பூசிய நீலம். ஆவிகளுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, நீலக் கூரையைத் தண்ணீர் என்று நினைத்து வீட்டுக்குள் வராமல் திரும்பிப் போய்விடும் என்பது அந்த ஜனங்களின் கணக்கு. ஆகவே வெறும் பலகையாக வெளிறி நின்ற கூரையைப் பார்த்ததும் வீட்டுக்காரி தபீத்தாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு எழுந்து வந்தாள்.

"ஏய் ஜெருஷா, என் நீலத்தை என்னடி பண்ணினே?"

"வரைஞ்சேன் அத்தை."

"வரைஞ்சா போயிடுமா?"

"போயிடுச்சே."

தபீத்தாள் பலகையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். மயங்கி விழவில்லை, ஊரைக் கூட்டவில்லை. கடலுக்குப் போனவன் செத்த பிறகும் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து போகிற ஊர் அது, இதற்கெல்லாம் யார் அலறுவார்கள்? "நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. ஆனா பொழுது சாயறதுக்குள்ள என் கூரை எனக்கு வேணும். இல்லேன்னா வர்ற ஆவியையெல்லாம் உன் வீட்டுக்குத்தான் அனுப்புவேன்" என்றாள். ஜெருஷா பயந்துபோய், சளிக்கு நெஞ்சில் தடவ அம்மா வைத்திருந்த, சாயத்தையும் கரைக்கிற டர்பன்டைன் எண்ணெயைத் துணியில் நனைத்துக் கொண்டுவந்து, அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து பலகையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நீலம் கூரைக்கு ஏறிப் போயிற்று.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கையை யாராலும் கட்ட முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. தபீத்தாளின் பசுவை இடது பக்கமாக உட்கார்ந்து வரைந்தாள். இடது பக்கம் வெளிறி, வலது பக்கம் செவலையாகவே நின்றது. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தின் நிறம்தான் படத்துக்கு வரும், தெரியாத பக்கம் அங்கேயே தங்கிவிடும் என்பதை ஊர் அப்படித்தான் கற்றுக்கொண்டது. வெண்டைப் பூ ஒன்றை வரைந்துவிட்டு, பூ வாடிப்போன பிறகு துடைத்தாள். மஞ்சள் போக இடமில்லாமல் துணியில் கறையாகி நாசமாகிப் போனது. ஆக, படத்தைத் துடைத்தால் மட்டும் போதாது, நிறத்துக்குச் சொந்தமானது எதிரே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

"இது இப்படியே போனா நாளைக்கு கடல் வெளுத்திடும்" என்று சபையில் புகார் எழுந்தபோது, டீக்கன் நெகேமியா யோசித்து ஒரு வழி சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறோம் அல்லவா, அதுபோல ஜெருஷா எதை வரையப்போகிறாளோ அதற்கும் ஓலை வாசித்துவிடுவோம் என்றார். அப்படியே ஆயிற்று. "நமது சபையைச் சேர்ந்த ஜெருஷா, சகோதரர் யோனாவின் படகினுடைய சிவப்பை எடுக்க விரும்புகிறாள். ஆட்சேபணை உண்டா?" என்று டீக்கன் கேட்பார். "ஆட்சேபணை! மூடுபனியில என் படகை நான் எப்படி அடையாளம் காண்றது?" என்று யோனா எழுந்து நிற்பார். சரி, படகு வேண்டாம். அடுத்த வாரம் ஒரு குமரிப்பெண் தன் பச்சை உடுப்பைத் தானே கொண்டுவந்து வரையச் சொல்வாள். மறு மாதம், "என் ஆளு அந்தப் பச்சையை வெச்சுத்தான் என்னைத் தேடுவாரு" என்று அழுதுகொண்டு வந்து திருப்பிக் கேட்பாள். ஜெருஷாவும் துடைத்துக் கொடுத்துவிடுவாள். ராப்பகலாக வரைந்தும் கையில் நாலு படம் தங்கவில்லை.

மனுஷரை மட்டும் அவள் வரைவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்குப் பதினாறு வயதானபோது அம்மா இரண்டாவது பிரசவத்தில் படுத்தபடுக்கையாகி, "தம்பியை ஒரு படம் வரைஞ்சு காட்டுடி, அவனைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லை, படத்துலயாவது நல்லாப் பார்த்துட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினாள். ஜெருஷா சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். விரல் நுனி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனதைப் பார்த்ததும் அவள் கை அப்படி நடுங்கியது, டர்பன்டைன் பாட்டிலைத் திறக்கவே அவளால் முடியவில்லை. தபீத்தாள் திறந்து கொடுத்து, படத்தைத் துடைத்து, விரல் மறுபடி கறுத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. அம்மா படம் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தாள். தம்பி ஆமோஸை ஜெருஷாதான் வளர்த்தாள். சாகும்வரை அவளை விட்டுப் போகாத பயம் ஒன்று அன்றைக்கு அவள் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி ஓடியாடுகிற வயதானதும் அவனைத் தபீத்தாளிடம் விட்டுவிட்டு வடக்கே பெருநகரத்துக்குப் போனாள். பகலில் ஓவியப் பள்ளி, சாயங்காலம் நாலு வீட்டுத் தரை துடைப்பு. அந்தப் பள்ளியில் கால் வைத்த முதல் கறுப்புப் பெண் அவள்தான். ஆப்பிள் பழங்களை வரையச் சொன்னார்கள், வரைந்தாள், பழங்கள் வெளுத்தன. அழுகிவிட்டது என்று நினைத்து வாத்தியார் கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு பழம் வாங்கிவந்தார். நகரத்துக்காரர்களுக்கு எதையும் இரண்டாவது தரம் பார்க்கப் பொழுதிருக்காது, பாவம். ஆனால் மேடையில் ஒரு கிழவரை உட்காரவைத்து வரையச் சொன்ன அன்று, ஜெருஷா தூரிகையைப் போட்டுவிட்டு வகுப்பை விட்டே ஓடிவிட்டாள். மனித உருவம் இவளுக்கு வராது என்று முடிவு கட்டினார்கள். பின்னாளில் அவளுடைய சதுப்பு நிலமும், கொடியில் காயும் துணியும், ஆளில்லாத வாசல்களும் பத்திரிகைகளில் வந்தபோது, ஆளில்லாததற்கு என்ன தத்துவம் என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அட, பயம்தானய்யா தத்துவம்!

படிப்பு முடிந்து தீவுக்குத் திரும்பிவந்து, ஆமோஸ் மீசை முளைத்து இறால் படகுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அது நடந்தது. அக்கரையில் ஒரு மர அறுவை மில்லில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் அந்த மில் வாசலில் வெள்ளைக்கார மேஸ்திரி ஒருவனிடம் கண்ணைத் தாழ்த்தாமல் பேசியவன் ஆமோஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது ஷெரீப்பின் ஆட்கள் துப்பாக்கியும் கயிறுமாகப் படகுத்துறையில் வந்து இறங்கினார்கள். தீவை விட்டுப் போக அந்தத் துறையையும் மதியப் படகையும் விட்டால் வேறு வழி இல்லை. ஆராதனை முடியட்டும், ஒவ்வொருத்தனாக வெளியே வரும்போது பிடித்துக்கொள்வோம் என்று கோயில் வாசலில் நின்றுகொண்டார்கள். கயிறு எதற்கு என்று தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உள்ளே பாட்டு நின்றுபோயிற்று. எல்லாரும் ஆமோஸைப் பார்த்தார்கள். ஜெருஷா வாசலில் தெரிந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தபீத்தாள்தான் அவள் விலாவில் இடித்தாள்.

"எழுந்திருடி. உன் கை எதுக்கு இருக்கு?"

"அத்தை, மனுஷனை... என்னால முடியாது. துடைக்க முடியாமப் போயிட்டா?"

"கயிறு கழுத்துல விழுந்தா அதைத் துடைக்க முடியுமா?"

ஜெருஷா டீக்கனைப் பார்த்தாள். டீக்கன் நெகேமியா மேடைக்குப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதை ஒரே மூச்சில் வாசித்தார். "நமது சபையைச் சேர்ந்த ஜெருஷா, தன் தம்பி ஆமோஸின் நிறத்தை எடுக்க விரும்புகிறாள். முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. ஆட்சேபணை உண்டா?"

வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. கறுப்பர்களின் ஜெபத்தில் ஏதோ ஒன்று என்று நினைத்துக் கொசுவை அடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஆட்சேபணை இல்லை" என்றார் டீக்கன். "இனிமே பாடுங்க. அவ முடிக்கிற வரைக்கும் பாட்டை யாரும் நிறுத்தக்கூடாது."

பாடினார்கள். கோயிலை ஒட்டிய சின்ன அறையில், பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிற பலகை நாற்காலியில் ஆமோஸை உட்காரவைத்து, சுவரில் தொங்கிய திரைச்சீலையைக் கிழித்துச் சட்டத்தில் அடித்து, எப்போதும் பையில் இருக்கிற தூரிகையையும் சாயத்தையும் எடுத்து ஜெருஷா நெற்றியில் ஆரம்பித்தாள். வெளியே பாட்டு முடிகிற இடத்தில் தபீத்தாள் முதலடியை எடுத்துக் கொடுப்பாள், மறுபடி தொடங்கும். தொண்டை கட்டியவர்கள் உட்கார, தண்ணீர் குடித்தவர்கள் எழுந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி பாடினாள், வெற்றிலை மாதிரிப் புகையிலையை அடக்கிக்கொண்டே யோனா பாடினார். ஜெருஷா நெற்றியின் கறுப்பை எடுத்தாள், கன்னத்துச் செம்மண் சாயலை எடுத்தாள், உதட்டின் கருநீலத்தை எடுத்தாள், கையை எடுத்தாள். ஆமோஸ் கண்ணை மட்டும் அசைக்காமல் அக்காவையே பார்த்தான்.

"அக்கா, வலிக்கலை. ஆனா குளிருது" என்றான்.

"பேசாதேடா. பேசினா வாய் கோணிடும்."

முன்பக்கம் முடிந்தது. "திரும்பி உட்கார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கோயில் கதவை யாரோ துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள், பாட்டு நடுவில் அறுந்தது. தபீத்தாளின் பசுவை வைத்து ஊரே கற்றுக்கொண்ட பாடம். ஜெருஷா பிடரியை முதலில் நாலு இழுப்பில் முடித்துவிட்டு முன்னால் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆசைத் தம்பியை வரைய உட்கார்ந்தவள் முகத்தை விட்டுவிட்டு வேறெங்கே ஆரம்பிப்பாள்?

ஆமோஸின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, டீக்கனின் தொப்பியை அவன் தலையில் அழுத்தினாள். காலருக்கும் தொப்பிக்கும் நடுவே பிடரி கறுப்பாகத் தெரிந்தது, சிறு வயதில் தூண்டில் முள் கிழித்த தழும்போடு. "யாருக்கும் முதுகைக் காட்டாதே" என்றாள். "உயிர் போனாலும் காட்டாதே. ஊர் போய்ச் சேர்ந்தாலும் காட்டாதே. நான் துடைக்கிற வரைக்கும்."

வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒருவன் கோயிலிலிருந்து இறங்கி வந்தான். ஷெரீப்பின் ஆள் ஒருவன் அவனை வெள்ளைக்காரத் துரை என்று நினைத்துத் தன் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தான், அநியாயத்தைப் பாருங்கள்! ஆமோஸ் தலையசைத்துவிட்டு, ஊராரைப் பார்த்துக் கையாட்டி விடைபெறுகிறவனாகப் பின்னோக்கியே நடந்து, பின்னோக்கியே பலகை ஏறி, படகில் பாய்மரத்துக்கு முதுகைச் சாய்த்து நின்றான். துறையில் நின்ற ஜனம் முழுக்கக் கையாட்டியது. படகு மறைந்த பிறகு ஜெருஷா மணலில் உட்கார்ந்து, போட்டிருந்த உடுப்பு நனையும்படி வாந்தி எடுத்தாள்.

அதன் பிறகு வருஷங்கள். அவனால் சேதி அனுப்ப முடியாது, அவளாலும் தேட முடியாது. தேடினால் மற்றவர்களும் தேடுவார்கள். படத்தை அரிசிப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தாள். காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பாள். இந்நேரம் யாராவது அவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருப்பார்களோ, கூட்டத்தில் யாராவது இடித்திருப்பார்களோ, தொப்பி காற்றில் பறந்திருக்குமோ! தெருவில் ஒரு நாய் குரைத்தால் பெட்டியை மறுபடி திறந்து பார்ப்பாள். ஒரு மழைக்காலத்தில் படத்துக் கன்னத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை பூத்தது. துடைக்கவும் பயம், விடவும் பயம். துடைத்தால் நிறம் போய்விடும், எதிரே அவன் இல்லை; விட்டால் பூஞ்சை தின்றுவிடும். ஒரு கோழி இறகை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளியை நீவி நீவித் தள்ளினாள். எங்கோ ஒரு ஊரில் அவனுக்குக் கன்னம் எரிந்திருக்குமோ என்று அன்று முழுக்க அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கேயிருந்து அருங்காட்சியகத்துக்காரர் ஒருவர், ஆளில்லாத ஓவியங்களின் ஓவியரைத் தேடித் தீவுக்கு வந்தார். பூஞ்சைக்குப் பயந்து பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாட வைத்திருந்த ஆமோஸின் படம் வந்தவர் கண்ணில் பட்டது. "இது ஒன்று போதும். இதுவரை எந்தக் கறுப்புப் பெண்ணின் ஓவியமும் எங்கள் சுவரில் ஏறியதில்லை, இது ஏறும்" என்றார். ஜெருஷா ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்க சுவர்ல ஈரம் ஏறுமா?"

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். தபீத்தாள் கோலை ஊன்றி எழுந்தாள்.

"ஆட்சேபணை. எங்க பிள்ளை நிறத்தை அவங்க சுவர்ல மாட்டி வேடிக்கை பார்க்கிறதா?"

"இங்க இருந்தா பூஞ்சை தின்னுடும் அத்தை. அங்கன்னா காவல் இருக்கு. அந்த மில் தீயை இப்போ யாரு நினைக்கிறா? ஊர் பூராப் பேசுவாங்க, பேப்பர்ல போடுவாங்க. எங்க இருந்தாலும் அவன் காதுல விழும், ஒருநாள் வருவான்."

"வராமப் போனா?"

ஜெருஷா பையிலிருந்த டர்பன்டைன் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆட்சேபணை இருக்கு. இருந்தாலும் கொண்டுபோ" என்றபடி தபீத்தாள் உட்கார்ந்தாள்.

பேர் வந்தது. புகழ் வந்தது. முதல் கறுப்புப் பெண் ஓவியர் என்று மாலையும் மேடையும் வந்தன. அவளுக்கு அதெல்லாம் எதற்கு? நகரத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகம் திறக்கும்போது போய்ப் படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்காருவாள், மூடும்போது எழுந்து வருவாள். மடியில் ஒரு பை, பைக்குள் டர்பன்டைன் பாட்டிலும் பழந்துணியும். வருகிறவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, பிடரியைத்தான் பார்ப்பாள். பெரிய ஓவியர் ஆனதும் தலைக்கனம், ஆட்களின் முகத்தையே பார்ப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கூடத்துக் காவலாளி மட்டும் அப்படிப் பேசவில்லை. அவரும் தெற்கிலிருந்து வந்த கறுப்பர். ஒரு குளிர்காலத்தில் அவரிடம் முழுக் கதையையும் சொல்லியிருந்தாள். "எங்க ஊர்ல ஒருத்தி பாடினா பால் திரியும்மா" என்று மட்டும் சொல்லி, அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

ஜெருஷாவின் தலை பஞ்சாக நரைத்துவிட்ட ஒரு மத்தியானம், ஒரு மனிதன் சுவரோடு சுவராக முதுகை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து கூடத்துக்குள் வந்தான். எல்லாரும் படங்களைப் பார்க்க, அவன் ஆட்களைப் பார்த்தான். இந்தச் சுவரிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து அடுத்த சுவருக்கு. ஆமோஸின் படம் வந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் கூடத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். தயங்கினான், கூட்டம் கலைகிறவரை காத்திருந்தான், வேர்த்த கையைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு திரும்பினான். காலருக்கும் தொப்பிக்கும் நடுவே கறுப்புப் பிடரி, பிடரியில் தூண்டில் முள் தழும்பு.

ஜெருஷா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். "ஆமோஸ்" என்றாள்.

அவன் தோள் ஒருதரம் குலுங்கியது. திரும்பவில்லை. "எனக்குப் பின்னால யாராவது இருக்காங்களாக்கா?"

"நான்தான்டா இருக்கேன்."

"மல்லாந்தேதான் தூங்கினேன்க்கா. முடி வெட்டிக்க ஒரு கடைக்குப் போனதில்லே. ஒருத்தி கட்டிக்கிறேன்னா, ஓடி வந்துட்டேன்."

பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். அந்த வாசனை பட்டதும் அவன் சட்டென்று திரும்பி அவள் கையைப் பிடித்தான். நிறமில்லாத முகத்தில் அம்மாவின் கண்கள் அப்படியே இருந்தன. "வேண்டாம்க்கா. உனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இது. இதைத் துடைச்சா நீ யாரு?"

"இது என் பேர் இல்லடா, உன் மூஞ்சி" என்றாள் ஜெருஷா. பிறகு எழுந்து நின்று, கூடத்தின் வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்து, சபையில் வாசிக்கிற குரலில் சொன்னாள்: "லாசரு தீவு சபையைச் சேர்ந்த ஜெருஷா, தன் தம்பி ஆமோஸின் நிறத்தைத் திருப்பிக் கொடுக்க விரும்புகிறாள். முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. ஆட்சேபணை உண்டா?"

காவலாளி அந்தப் பெரிய படத்தைப் பார்த்தார். அதற்குத் தான் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை நினைத்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது. "ஆட்சேபணை இல்லைம்மா" என்றார். சொல்லிவிட்டு, கூடத்தின் கதவைச் சாத்தி, அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

நெற்றியில் ஆரம்பித்தாள். கை நடுங்கவில்லை. துணி போன வழியெல்லாம் சீலை வெறுமையாக, எதிரே ஆமோஸுக்கு நெற்றி வந்தது, கன்னம் வந்தது, உதடு வந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. பூஞ்சை பூத்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி தங்கிவிட்டது. அவள் அதைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "விடுக்கா, அது என் கணக்குல இருக்கட்டும்" என்று அவன் சிரித்தான்.

தெருவுக்கு இறங்கும் படியில் நின்று, பழக்க தோஷத்தில் பின்னோக்கிக் கால் வைத்தான்.

"நேராத் திரும்பி நட" என்றாள். "பின்னால நான் வர்றேன்."

"இந்த மூஞ்சியோட நடந்தா முன்னாலயும் பயம்தானேக்கா?"

"ஆமா. ஆனா இனிமே ரெண்டு பக்கமும் ஒரே பயம்தான்டா. நட."

ஆமோஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நகரத்துக் கூட்டத்துக்குள் முன்னோக்கி நடந்தான். ஜெருஷா அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.